பக்கத்து வீட்டுத் தென்னாப்பிரிக்கர்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென்மேற்கு லண்டனில் விம்பிள்டன், சவுத்ஃபீல்ட்ஸ், பட்னி, எர்ல்ஸ்ஃபீல்டு பக்கம் குடியிருப்பவர்களுக்குத் தெரியும், தெருவில் ஒரு தென்னாப்பிரிக்கக் குடும்பமாவது இருக்கும். எங்களுக்கு இரண்டு பக்கமும் அவர்கள்தான். இடப்பக்கம் கேப் டவுனிலிருந்து வந்த ஆஃப்ரிகான்ஸ் பேசும் தம்பதி. வலப்பக்கம் டர்பனிலிருந்து வந்த தமிழ் வம்சாவளிக் குடும்பம். பதினோரு வருடமாக நடுவில் நாங்கள். அதனாலேயே, ஊரிலிருந்து புதிதாக வந்தவர்களும் அலுவலகத் தோழிகளும் அவர்களைப் பற்றிய சந்தேகங்களை என்னிடம்தான் கேட்கிறார்கள். ஒரே பதிலை வாட்ஸப்பில் ஏழெட்டு முறை தட்டி அலுத்துப்போய், மொத்தமாக எழுதி வைத்துவிட்டேன்.

தென்னாப்பிரிக்காக்காரர்னு சொன்னாங்க, பார்த்தா வெள்ளையா இருக்கார். அப்போ அவர் இங்கிலீஷ்காரர்தானே?

இல்லை. அப்படிச் சொல்லிவிடாதீர்கள், முகம் மாறிவிடும். டச்சுக்காரர்கள் 1652-இல் கேப் கரையில் இறங்கியவர்கள். அவர்களோடு ஜெர்மானியர், பிரெஞ்சுக்காரர் எல்லாம் கலந்து, டச்சு மொழி அங்கேயே உருமாறி ஆஃப்ரிகான்ஸ் ஆனது. அதைத் தாய்மொழியாகக் கொண்டவருக்கு லண்டன் நமக்கு எவ்வளவு அந்நியமோ அவ்வளவு அந்நியம். ஆங்கிலேய வம்சாவளியினரும் உண்டு, ஆனால் அவர்களும் தங்களை இங்கிலீஷ்காரர் என்று சொல்லிக்கொள்வதில்லை.

அப்புறம் ஜூலு, கோசா பேசும் நர்சுகள், டர்பன் இந்தியர்கள், கேப் மலாய் முஸ்லிம்கள் என்று இங்கே வந்திருப்பவர்கள் பல வகை. அந்த நாட்டுக்கு ஆட்சிமொழிகளே 12. கடைசியாக 2023-இல் சைகை மொழியைச் சேர்த்தார்கள். ஆகவே 'தென்னாப்பிரிக்கச் சாப்பாடு எது' என்று பொதுவாகக் கேட்டால், யாரிடம் கேட்கிறீர்களோ அவர் வீட்டுச் சாப்பாடுதான் பதிலாக வரும்.

பில்டாங், பில்டாங்னு உயிரை விடறாங்களே, அது நம்ம உப்புக்கண்டம்தானே?

பெரியப்பா முறை வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். உப்புக்கண்டம் உப்பும் மஞ்சளும் மிளகாயும் பூசி வெயிலில் காய்வது, பிறகு எண்ணெயில் பொரித்துச் சாப்பிடுவது. பில்டாங்கை வெயிலில் வைப்பதில்லை, நிழலில் காற்றில்தான் தொங்கவிடுவார்கள். புகை போடுவதும் கிடையாது. மாட்டின் தொடைக்கறியை விரல் மொத்தத்துக்கு நீளவாக்கில் அரிந்து, வினிகரில் புரட்டி, உப்பு, மிளகு, கொஞ்சம் பழுப்புச் சர்க்கரை, எல்லாவற்றுக்கும் மேலாக வறுத்து ஒன்றிரண்டாக இடித்த கொத்தமல்லி விதை தடவி ஓர் இரவு ஊறவைப்பார்கள். பிறகு கொக்கியில் மாட்டினால் நான்கு முதல் ஆறு நாளில் தயார். அப்படியே அரிந்து தின்பதுதான், அடுப்பில் ஏற்றுவதில்லை.

அந்த மல்லிதான் என்னைக் கவிழ்த்தது. குடிவந்த முதல் மாதம், இடப்பக்கத்துச் சமையலறை ஜன்னலிலிருந்து தனியா வறுக்கும் வாசனை வந்தது. அம்மா சாம்பார்பொடிக்கு வறுக்கிற அதே வாசனை. யாரோ தமிழ்க்காரர்கள் என்று நினைத்துக் கதவைத் தட்டினேன். ஆறடி நான்கு அங்குல மனிதர் வந்து கதவைத் திறந்தார். பழக்கம் அங்கே ஆரம்பித்தது.

கடையில் வாங்கினால் 'வெட்டா, டிரையா' என்று கேட்பார்கள். 'வெட்' என்றால் நடுவில் சிவப்பாக, மெத்தென்று இருக்கும். முதல் தடவை சாப்பிடுபவர்கள் 'டிரை' கேளுங்கள்.

ஊருக்குப் போயிட்டு வரும்போது நாலு கிலோ கொண்டு வந்துட்டா போச்சே! இங்க எதுக்கு அவ்வளவு விலை கொடுத்து வாங்கறாங்க?

கொண்டுவர முடியாது. தென்னாப்பிரிக்காவிலிருந்து பிரிட்டனுக்குப் பயணிகள் இறைச்சியோ பால் பொருளோ கையில் எடுத்துவரத் தடை. விமான நிலையத்தில் பிடித்தால் குப்பைதான். நாம் நெய்யையும் பால்கோவாவையும் எடுத்துவரக் கூடாது என்பதும் இதே விதியில்தான் வருகிறது. அதனால் இங்கே விற்கும் பில்டாங் இங்கேயே காயவைத்தது. காயும்போது எடை ஏறக்குறைய பாதியாகிவிடும், விலை அப்படித்தான் ஏறுகிறது.

எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் வாங்குவதே இல்லை. கராஜில் ஒரு மரப்பெட்டி, அடியில் ஒரு குண்டு பல்பு, மேலே கணினியிலிருந்து கழற்றிய சின்ன மின்விசிறி, குறுக்கே கம்பிகள். லண்டன் ஈரக்காற்றில் பூஞ்சை பிடிக்காமல் இருக்கத்தான் பல்பு. வெளிநாட்டில் இருக்கும் தென்னாப்பிரிக்கர் பலர் வீட்டில் இந்தப் பெட்டி இருக்கும். நாம் கிரைண்டர் தூக்கி வந்த மாதிரி.

பிராய்க்குக் கூப்பிட்டிருக்காங்க. பார்பெக்யூவைத்தானே அப்படிச் சொல்றாங்க? ஒரு மணின்னா ஒரு மணிக்கே போகணுமா?

பார்பெக்யூ என்று அவர் முன்னால் சொல்லாதீர்கள். இங்கிலாந்தில் பார்பெக்யூ என்றால் கேஸ் அடுப்பைத் திருகி இருபது நிமிடத்தில் பர்கர் போடுவது. பிராய் என்பது நெருப்பு மூட்டி, அது தணலாகும்வரை சுற்றி நின்று பேசுவது. விறகுதான் உத்தமம், கரி பரவாயில்லை, கேஸ் கேலிக்குரியது. சாப்பாடு அந்தப் பேச்சின் நடுவில் எப்போதாவது வரும்.

நாங்கள் முதல் தடவை பட்ட பாட்டைச் சொல்கிறேன். ஒரு மணி என்றார்கள். விருந்துக்குப் போகிறோமே என்று காலையில் இரண்டு இட்லியோடு நிறுத்திக்கொண்டு, குழந்தைகளையும் அரைவயிறாக வைத்து, ஒரு மணிக்கு மணி அடித்தோம். அவர் இன்னும் விறகு வாங்கி வந்திருக்கவில்லை. இரண்டரைக்கு நெருப்பு பற்றியது. முதல் துண்டு கறி தட்டில் விழுந்தபோது மணி ஐந்து. இப்போதெல்லாம் மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டு மூன்று மணிக்குப் போகிறோம்.

சில வழக்கங்கள் உண்டு. 'கொண்டு வந்து பிராய்' என்று சொல்லியிருந்தால் உங்கள் கறியையும் குடிப்பதையும் நீங்களே எடுத்துப்போக வேண்டும். சொல்லாவிட்டாலும் ஒரு சாலட்டோ இனிப்போ கையில் இருக்கட்டும். இடுக்கி யார் கையில் இருக்கிறதோ அவருடைய நெருப்பு அது. 'கொஞ்சம் திருப்பிப் போடலாமே' என்று யோசனை சொல்வது, மாமியார் சமையலறையில் போய் உப்பு குறைவு என்பது போல.

நெருப்பில் கட்டாயம் இருப்பது பூரவோர்ஸ், பாம்பு சுருண்ட மாதிரி வட்டமாகச் சுற்றிய நீளத் தொத்திறைச்சி. குறைந்தது 90 சதவீதம் இறைச்சி இருந்தால்தான் அந்தப் பெயரில் விற்கலாம் என்று அவர்கள் நாட்டுச் சட்டமே சொல்கிறது, கொழுப்பு 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. மசாலா? மறுபடியும் கொத்தமல்லி விதை, கூடவே கிராம்பும் ஜாதிக்காயும். பக்கத்தில் வெள்ளைச் சோளமாவில் கிண்டிய பாப் இருக்கும். நம் களிதான் அது. கெட்டியாக உருட்டி, தக்காளி வெங்காயக் குழம்பில் தொட்டுச் சாப்பிடுவார்கள். கேழ்வரகுக் களி தின்று வளர்ந்தவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.

நாங்க சைவம். மாட்டுக்கறி பட்ட கம்பியில போட்டதைத் தொட மாட்டோம். அப்போ போகாம இருக்கறதுதானே மரியாதை?

போங்கள். முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும், தனிக் கம்பிவலை வைப்பார்கள். மக்காச்சோளக் கதிர் உண்டு, அதை அவர்கள் மீலி என்பார்கள். அப்புறம் பிராய்ப்ரோய்க்கி: ரொட்டித் துண்டுகளுக்கு நடுவே சீஸ், தக்காளி, வெங்காயம் வைத்து, வெளியே வெண்ணெய் தடவி, தணலில் சுட்டது. என் மகன் அதற்காகவே வருகிறான். சகலகா என்று காரமான காய்கறிக் கூட்டு ஒன்று உண்டு, பீன்ஸ், கேரட், குடைமிளகாய் போட்டது. ஜோகன்னஸ்பர்க் பக்கத்துக் கறுப்பின மக்கள் குடியிருப்புகளில் பிறந்தது என்பார்கள். சாதத்தோடும் நன்றாகப் போகும்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. தென்னாப்பிரிக்காவில் செப்டம்பர் 24 பாரம்பரிய தினம், அரசு விடுமுறை. அதற்கு 'பிராய் நாள்' என்றே செல்லப்பெயர், நாடே நெருப்பு மூட்டும். ஆனால் அந்தத் தேதி எப்போதும் புரட்டாசியில்தான் விழும். டர்பன் தமிழர்கள் தமிழை மறந்திருக்கலாம், புரட்டாசியை மறக்கவில்லை. 'பர்டாசி' என்று சொல்லி மாதம் முழுக்கக் கறி தொடாமல் இருக்கும் குடும்பங்கள் ஏராளம். எங்கள் வலப்பக்கத்து வீட்டார் அன்றைக்கு இடப்பக்கத்துக்கு வந்து மீலியும் பிராய்ப்ரோய்க்கியும் சாப்பிட்டுவிட்டுப் போவார்கள். ஆக, அந்தக் கம்பிவலையைத் தனியாக வைக்கும் பழக்கம் இடப்பக்கத்துக்காரருக்கு நம்மால் வந்ததல்ல.

நாயுடு, பிள்ளை, கோவிந்தர்னு பேர் இருக்கு, தமிழ்ல பேசினா திருதிருன்னு முழிக்கறாங்க. வேணும்னே நடிக்கறாங்களா?

நடிப்பு இல்லை. 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து போன 'ட்ரூரோ' என்ற கப்பல் டர்பனில் கரைசேர்ந்தது. கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்கள் அதில் இருந்தார்கள். 1911-இல் ஆள் அனுப்புவது நிற்கும்வரை ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இந்தியாவிலிருந்து போனார்கள். ஐந்தாறு தலைமுறை கடந்து, பள்ளியில் தமிழ் இல்லாமல், பிழைப்புக்கு ஆங்கிலம் என்றான பிறகு மொழி எப்படித் தங்கும்? 'பேரு தமிழ், பேச வராதா' என்று சிரித்தபடி கேட்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். அது சிரிக்கும் விஷயமில்லை.

தங்கியவை வேறு. காவடி, மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவது, ஈஸ்டர் விடுமுறையில் இசிப்பிங்கோ மாரியம்மன் கோயிலில் கூடும் கூட்டம். கூழ் ஊற்றுவதை 'போரிட்ஜ் பிரேயர்' என்பார்கள். அந்தச் சொல்லைக் கேட்டு முதலில் எனக்கு ஓட்ஸ் கஞ்சிதான் ஞாபகம் வந்தது. பலகாரங்களில் 'மூர்க்கு' நம் முறுக்கேதான். 'போளி' என்று கேட்டால் மட்டும் ஏமாந்துபோவீர்கள், அவர்கள் தருவது தேங்காய்ப் பூரணம் வைத்த சோமாசி. விம்பிள்டன் பிள்ளையார் கோயிலில் அவர்களைப் பார்க்கலாம். கறிவேப்பிலையும் காராமணிக்காயும் வாங்க டூட்டிங் ஈழத்தமிழர் கடைகளுக்குத்தான் வருவார்கள், நம்மோடு வரிசையில் நிற்பார்கள்.

அவங்க வீட்டு பிரியாணியில பருப்பு கிடந்துச்சு. ஏதாவது தப்பா போட்டுட்டாங்களா?

தப்பில்லை, அதுதான் டர்பன் பிரியாணி. முழு மைசூர்ப் பருப்பை வேகவைத்து அரிசியோடு அடுக்குவார்கள், உருளைக்கிழங்கும் உண்டு. பக்கத்தில் தனியாகப் பருப்புக் குழம்பும் தயிர்ப்பச்சடியும் வரும். பச்சடியை 'சவர் மில்க்' என்பார்கள். நம் பிரியாணியோடு ஒப்பிட ஆரம்பித்தால் சண்டைதான். அது வேறு பண்டம் என்று நினைத்துச் சாப்பிட்டால் ருசி தெரியும்.

மசாலாவும் வேறு: நல்ல சிவப்பு, நல்ல காரம். டர்பன் விக்டோரியா தெருச் சந்தையில் குவியல் குவியலாக விற்பதில் ஒன்றுக்கு 'மாமியார் மசாலா' என்றே பெயர். இன்னொன்று, டின் மீன் குழம்பு. தக்காளிச் சாற்றில் அடைத்த மத்தி டின்னை உடைத்து, புளியும் மசாலாவும் சேர்த்துக் கொதிக்கவிடுவது. மாதக் கடைசிச் சாப்பாடு என்று வெட்கப்பட்டுக்கொண்டே சொல்வார்கள். மழை நாளில் அதுதான் வேண்டும் என்று ஏங்குவதும் அவர்களே.

பன்னி சௌனா முயல் கறியா?

முயலும் இல்லை, நாம் நினைக்கும் பன்றியும் இல்லை. வெட்டாத சதுர ரொட்டியின் உள்ளே குடைந்து, குழம்பை ஊற்றி, எடுத்த ரொட்டியை மேலே மூடித் தருவது. டர்பன் இந்தியர்களின் கண்டுபிடிப்பு. வணிகர்களைக் குறிக்கும் 'பனியா' என்ற சொல்தான் பன்னியானது என்பது பெரும்பாலோர் சொல்லும் கதை. நிறவெறிக் காலத்தில் கறுப்பினத்தவர் உணவகத்துக்குள் உட்கார முடியாது, தட்டில்லாமல் எடுத்துப்போக ரொட்டியே பாத்திரமானது என்றும் சொல்வார்கள்.

'குவார்ட்டர் மட்டன்' என்றால் கால் ரொட்டியில் ஆட்டுக்கறி. ஆடு என்றால் அங்கே செம்மறி. கையால்தான் சாப்பிட வேண்டும், கரண்டி கேட்டால் சிரிப்பார்கள். லண்டனில் இதைச் செய்வதில் உள்ள ஒரே சிக்கல் ரொட்டி. எல்லாம் துண்டு போட்டே வருகிறது.

ராய்பாஸ் டீ நல்லதுன்னு எல்லாரும் குடிக்கறாங்க. பால் ஊத்தலாமா? அந்த ரஸ்க் ஏன் கல்லு மாதிரி இருக்கு?

தாராளமாகப் பால் ஊற்றலாம், அவர்களில் பலர் சர்க்கரையும் போட்டே குடிக்கிறார்கள். அது தேயிலையே இல்லை. கேப் டவுனுக்கு வடக்கே சீடர்பர்க் மலைப்பக்கத்தில் மட்டும் விளையும் ஒரு புதர்ச்செடி. காஃபின் கிடையாது, குழந்தைகளுக்கும் கொடுப்பார்கள். ஷாம்பெயின் போல அந்த இடத்துக்கே உரியது என்று 2021-இல் ஐரோப்பிய ஒன்றியம் அதன் பெயருக்குப் பாதுகாப்பு கொடுத்தது.

ரஸ்க் கல் மாதிரிதான் இருக்க வேண்டும். நம் பேக்கரி ரஸ்க்கைவிட மூன்று மடங்கு மொத்தம், மோர் ஊற்றிச் சுட்டு, மறுபடி காயவைத்தது. முக்காமல் கடித்துப் பல்லைப் பழி சொல்லாதீர்கள். கடையில் கிடைக்கும் 'ஓமா' ரஸ்க் 1939-இல் மோல்டெனோ என்ற சின்ன ஊரில் ஒரு பெண்மணியின் சமையலறையில் ஆரம்பித்தது. ஓமா என்றால் பாட்டி.

'ஜஸ்ட் நவ் வரேன்'னு சொல்லிட்டு ரெண்டு மணி நேரமா ஆளைக் காணோம். கோபமா?

அவர் ஆங்கிலத்தில் 'ஜஸ்ட் நவ்' என்றால் 'அப்புறம் பார்க்கலாம்' என்று பொருள். 'நவ் நவ்' என்றால் கொஞ்சம் சீக்கிரம். பிராய் நேரம் பற்றி மேலே சொன்னதை இதோடு சேர்த்துப் படித்துக்கொள்ளுங்கள். 'ரோபோவில் இடப்பக்கம் திரும்பு' என்றால் டிராஃபிக் சிக்னலில். 'ஷேம்' என்றால் வெட்கக்கேடு இல்லை. குழந்தையைப் பார்த்தாலும் ஷேம், கால் உடைந்தாலும் ஷேம், நம் 'ஐயோ பாவம்', 'அச்சோ' இரண்டும் சேர்ந்தது.

ஒரு விஷயத்தில் நம்மவர்கள்தான். அறிமுகமில்லாத பெரியவரையும் ஆஃப்ரிகான்ஸ் குழந்தைகள் 'ஓம்', 'தானி' என்று, அதாவது மாமா, அத்தை என்று கூப்பிடும். டர்பன் குழந்தைகள் அங்கிள், ஆன்ட்டி. இங்கத்திய குழந்தைகள் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டபோது வராத நிம்மதி, பக்கத்து வீட்டுப் பொடிசு 'தானி' என்றபோது வந்தது. சுடுநீர் இயந்திரத்தை 'கீசர்' என்பவர்களும் இந்தத் தெருவில் நாங்கள் மூன்று வீட்டார் மட்டுமே.

அவங்க ஊர் பிளக் இங்க சேராதாமே?

சேராது. ஆனால் உங்கள் வீட்டில் இருக்கும் அடாப்டரைக் கொடுத்துப் பாருங்கள். நம் ஊரில் ஏ.சி.க்குப் போடும் 15 ஆம்பியர் பெரிய உருண்டை முனை பிளக்தான் அங்கே சாதாரண பிளக்.

ஜோகன்னஸ்பர்க் வழியா வரேன். அவங்களுக்கு என்ன வாங்கிட்டு வர?

கறியும் பாலும் கூடாது, காரணம் மேலே. மிஸஸ் பால்ஸ் சட்னி ஒரு பாட்டில். பீச்சும் ஆப்ரிகாட்டும் போட்ட இனிப்புப் புளிப்பு, எல்லாவற்றுக்கும் தொட்டுக்கொள்வார்கள். டென்னிஸ் பிஸ்கட், பெப்பர்மின்ட் கிரிஸ்ப் சாக்லேட் இரண்டும் சேர்த்து வாங்குங்கள், இந்த இரண்டையும் கேரமலையும் கிரீமையும் அடுக்கிச் செய்யும் குளிர்ந்த இனிப்பு அவர்கள் வீட்டு விசேஷங்களில் தவறாது. நிக் நாக்ஸ் என்ற சோள நொறுக்குத்தீனிப் பொட்டலம் இரண்டு. லண்டன் தென்னாப்பிரிக்கக் கடைகளில் இவை கிடைக்கும்தான், ஆனாலும் ஊரிலிருந்து வந்த பொட்டலத்துக்குத் தனி மரியாதை. நமக்குத் தெரியாததா?

அவ்வளவு நல்ல ஊர்னா ஏன் விட்டுட்டு வந்தாங்க? கேட்கலாமா?

முதல் சந்திப்பில் வேண்டாம். நிறவெறி ஆட்சிக்குத் தப்பி வந்தவர் உண்டு, அந்த ஆட்சி முடிந்த 1994-க்குப் பிறகு வேலைக்காக வந்தவர் உண்டு, தாத்தா பாட்டி பிரிட்டனில் பிறந்த உரிமையில் விசா எடுத்து வந்தவர் உண்டு, வீட்டில் திருடன் புகுந்த மறுவாரம் டிக்கெட் போட்டவரும் உண்டு. ஒருவர் காரணம் இன்னொருவருக்குக் கோபமூட்டும். தானாகச் சொல்லும்போது கேட்டுக்கொள்ளுங்கள்.

வலப்பக்கத்து அக்கா எனக்குச் சொன்ன பதில் சின்னது. இங்கே இரவு பத்து மணிக்குத் தனியாக நடந்து வர முடிகிறது, ஜன்னலுக்குக் கம்பி வேண்டாம். ஆனால் நடந்து வந்து சேரும் வீடு குளிராக இருக்கிறது. மின்வெட்டுக்குப் பழகிய கை இன்னும் சார்ஜ் விளக்கைக் கட்டிலுக்குப் பக்கத்தில்தான் வைக்கிறது. இதைக் கேட்டு நான் சிரிக்கவில்லை, எங்கள் வீட்டிலும் ஒன்று இருக்கிறது.

பிரிட்டிஷ் பாஸ்போர்ட் எடுத்தா நம்மள மாதிரி அவங்களுக்கும் பழைய குடியுரிமை போயிடுமா?

நமக்குப் போய்விடும், இந்தியா இரட்டைக் குடியுரிமை தருவதில்லை. அவர்களுக்கு இரட்டைக் குடியுரிமை உண்டு, ஆனால் ஒரு கண்ணி இருந்தது. 1995-ஆம் ஆண்டுச் சட்டப்படி, முன் அனுமதி வாங்காமல் வேறு நாட்டுக் குடியுரிமை எடுத்தால் தென்னாப்பிரிக்கக் குடியுரிமை தானாகவே பறிபோகும். பலருக்கு இது தெரியாமலே போய், பாஸ்போர்ட் புதுப்பிக்கப் போனபோதுதான் விஷயம் தெரிந்து அழுதார்கள். 2025 மே மாதம் அந்த நாட்டு அரசியல் சாசன நீதிமன்றம் இந்தப் பிரிவு செல்லாது என்றது. அப்படி இழந்தவர்கள் இழக்கவே இல்லை என்றே கொள்ள வேண்டும் என்றும் சொல்லிவிட்டது.

இரண்டு பாஸ்போர்ட் உள்ளவர் ஊருக்குள் போகவும் வெளியே வரவும் தென்னாப்பிரிக்கப் பாஸ்போர்ட்டைத்தான் காட்ட வேண்டும். உங்கள் தோழி பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டை மட்டும் எடுத்துக்கொண்டு கிளம்பினால் நிறுத்துங்கள். மற்றதை டிரஃபால்கர் சதுக்கத்திலுள்ள அவர்கள் தூதரகத்தில் கேட்கட்டும்.

டிசம்பர் வந்தா எல்லாரும் குஷியா இருக்காங்க, இவங்க மட்டும் ஏன் வாடிப்போயிடறாங்க?

அவர்கள் கிறிஸ்துமஸ் கோடையில் வருவது. டிசம்பர் 16 விடுமுறை, அன்றிலிருந்தே பாதி நாடு கடற்கரைக்குக் கிளம்பிவிடும், ஜனவரிவரை எந்த வேலையும் நடக்காது. நீச்சல் குளம், பிராய், உறவுக்கூட்டம். இங்கே மாலை நாலு மணிக்கே இருட்டிவிடுகிறது. பொங்கலன்று நாம் கரும்பு இல்லாமல் மீட்டிங்கில் உட்கார்ந்திருப்பது மாதிரிதான்.

ஹைட்ரேஞ்சா பூவுக்கு ஆஃப்ரிகான்ஸில் 'கிறிஸ்துமஸ் ரோஜா' என்று பெயர், அங்கே டிசம்பரில் பூப்பதால். எங்கள் இடப்பக்கத்து அம்மா வாசலில் ஒரு செடி வைத்திருக்கிறார். லண்டனில் அது ஜூலையில்தான் பூக்கிறது. போன வருடம் பூத்த ஞாயிற்றுக்கிழமை வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்து, இன்றைக்குக் கிறிஸ்துமஸ், ஒரு மணிக்கு வந்துவிடுங்கள் என்றார். வயிறாரச் சாப்பிட்டுவிட்டு மூன்று மணிக்குப் போனோம். அவர் கணவர் விறகு வாங்கப் போயிருந்தார்.